ஆர்டினன்ஸ் என்னும் சொல்: அவசரச் சட்டமா, கட்டளைச் சட்டமா?

ஒரு சொல்லின் ஒலியைப் பிறமொழியிலிருந்து கொண்டுவருதல் எளிது. அதன் பொருளைச் சிதையாமல் கொண்டுவருதலே அரிது. வீட்டுப் பொருள்களின் பெயர்களில் இவ்வாறு பிழை நேர்ந்தால் பெருந்தீங்கு இல்லை. கண்ட அளவில் பொருள் விளங்கிவிடும். சட்டச் சொற்களின் நிலை வேறு. சட்டத்தைக் கண்ணால் காண இயலாது. சொல்லைக்கொண்டே அதனை அறிய வேண்டும். சொல் பிறழ்ந்தால் வரலாறும் உடன் பிறழும்.

இதற்குத் தக்க சான்றாக நிற்பது 'ஆர்டினன்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல். மலாயாத் தமிழ்ப் பள்ளிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் 1952ஆம் ஆண்டின் கல்வி ஆர்டினன்ஸ், 1957ஆம் ஆண்டின் கல்வி ஆர்டினன்ஸ் ஆகிய இரண்டையும் குறிப்பிடாமல் செல்ல முடியாது. சென்னையில் அச்சாகும் நாளிதழ்களிலும் அகராதிகளிலும் பழகிய கண்ணுக்கு, ஆர்டினன்ஸ் என்றதும் 'அவசரச் சட்டம்' என்னும் தொடரே முன்வந்து நிற்கும். அதனை அப்படியே எடுத்து, 'அவசரக் கல்விச் சட்டம்' என்று எழுதிவிட்டால், படிக்கும் மாணவன் என்ன எண்ணுவான்? ஏதோ ஒரு நெருக்கடியில், சபை கூடாத வேளையில், ஆளுநர் ஒருவர் தாமே பிறப்பித்த தற்காலிக ஆணை என்றே எண்ணுவான். உண்மையோ அதற்கு நேர்மாறானது. அவ்விரண்டும் சட்டசபையில் முறைப்படி முன்வைக்கப்பட்டு, விவாதிக்கப்பட்டு, நிறைவேறிய சட்டங்கள்.

ஒரே ஆங்கிலச் சொல் சென்னையில் ஒரு பொருளும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் வேறொரு பொருளும் பெற்றது எவ்வாறு என்பதை ஆராய்தல் தமிழாசிரியர்களுக்குப் பயன் தரும்.

சொல்லின் பிறப்பு

ஆர்டினன்ஸ் என்னும் சொல் இலத்தீன் மொழியில் 'ஒழுங்குபடுத்துதல்' என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து தோன்றி, பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. வரிசை, ஒழுங்கு என்பனவே அதன் அடிப்பொருள். ஒழுங்கு செய்தல், விதித்தல், ஆணையிடுதல் எனப் பொருள் படிப்படியாக விரிந்தது. பிரெஞ்சு நாட்டில் மன்னர் பிறப்பித்த பேராணைகளுக்கு இதுவே பெயர். சட்ட ஆவணங்கள் இலத்தீனில் அன்றிப் பிரெஞ்சு மொழியிலேயே எழுதப்பட வேண்டும் என்று 1539இல் முதலாம் பிரான்சுவா மன்னர் வில்லேர்-கொத்தரே என்னும் ஊரில் விதித்த ஆணை இவ்வகையில் புகழ்பெற்றது. இன்றும் பிரெஞ்சுக்காரர் மருத்துவர் எழுதித் தரும் மருந்துச் சீட்டை இச்சொல்லாலேயே குறிக்கின்றனர். அரசன் நாட்டுக்கு விதிப்பதும் மருத்துவன் நோயாளிக்கு விதிப்பதும் அம்மொழியில் ஒன்றே.

பீரங்கி முதலிய படைக்கருவிகளைக் குறிக்கும் 'ஆர்ட்னன்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லும் இதன் உடன்பிறப்பே. படைக்கு வேண்டியவற்றை ஒழுங்குபடுத்தி வைத்தல் என்பதிலிருந்து அப்பொருள் கிளைத்தது. இரண்டிற்கும் எழுத்தில் உள்ள வேறுபாடு ஓர் உயிரெழுத்தே.

இங்கிலாந்தில் இச்சொல் வியத்தகு மாற்றங்களுக்கு உள்ளாயிற்று. 1311இல் இரண்டாம் எட்வர்டு மன்னரின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தப் பிரபுக்கள் சிலர் கூடி விதித்தவை ஆர்டினன்ஸ் எனப்பட்டன. 1642இல் நாடாளுமன்றத்திற்கும் முதலாம் சார்லஸ் மன்னருக்கும் பூசல் முற்றியது. நாட்டுப் படையை யார் கையில் வைப்பது என்னும் மசோதாவுக்கு மன்னர் இசைவு தர மறுத்தார். நாடாளுமன்றம் அதனைத் தன் சொந்தப் பொறுப்பில் நிறைவேற்றியது. மன்னர் கையொப்பம் இல்லாமையால் அதற்கு 'ஆக்ட்' என்னும் பெயரை வழங்க இயலவில்லை. 'ஆர்டினன்ஸ்' என்றே வழங்கினர். 1660இல் மன்னராட்சி மீண்டபோது, மன்னர் இசைவு பெறாத அத்தகைய ஆர்டினன்சுகள் எல்லாம் செல்லாதவை எனக் கருதப்பட்டன.

இவ்விரு நிகழ்ச்சிகளிலிருந்தும் ஓர் உண்மை புலனாகின்றது. மன்னர், பிரபுக்கள், மக்கள் ஆகிய மூவரும் இசைந்து இயற்றுவது ஆக்ட். அம்மூவருள் ஒருவரேனும் குறைந்தால் அது ஆர்டினன்ஸ். அவசரம் என்பது அச்சொல்லின் கருவில் இல்லை. முழுமையான சட்டத்திற்கு ஒருபடி தாழ்ந்தது என்பதே அதன் கருப்பொருள். பின்னாளில் அச்சொல் எங்கெங்குச் சென்றதோ அங்கெல்லாம் இத்தாழ்நிலையையும் உடன்கொண்டு சென்றது. எதற்குத் தாழ்ந்தது என்பதில்தான் நாட்டுக்கு நாடு வேறுபாடு தோன்றியது.

இந்தியாவில் பெற்ற பொருள்

கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னை மாகாணத்தில் இயற்றிய பழைய சட்டங்களுக்கு 'ரெகுலேஷன்' என்பது பெயர். நிலவரியை நிலையாக வரையறுத்த 1802ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுள் ஒன்று. 1834 முதல் இந்தியா முழுமைக்கும் கவர்னர் ஜெனரலின் ஆலோசனைச் சபை சட்டம் இயற்றத் தொடங்கியபின் அச்சட்டங்கள் ஆக்ட் எனப் பெயர் பெற்றன. ஆகவே, முறையான சட்டத்திற்குரிய பெயர் அங்கே முன்னரே அமைந்துவிட்டது.

1857ஆம் ஆண்டின் பெருங்கிளர்ச்சிக்குப் பின் ஆட்சி நேரடியாக இங்கிலாந்து அரசியின் பெயரால் நடைபெற்றது. 1861ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில் சட்டத்தின் 23ஆம் பிரிவு, நெருக்கடி வேளையில் கவர்னர் ஜெனரல் தாமே சட்டம் பிறப்பிக்கலாம் என்றும், அது 6 மாதங்களுக்கு மேல் நிற்றல் ஆகாது என்றும் விதித்தது. சபையில் இயற்றுவது ஆக்ட் என்றால், சபையின்றி ஒருவரே பிறப்பிக்கும் இப்புதுவகைச் சட்டத்திற்கு வேறு பெயர் வேண்டுமன்றோ? ஆர்டினன்ஸ் என்னும் பெயர் அதற்கு அமைந்தது. 1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது வெளிநாட்டிலிருந்து திரும்புவோரைத் தடுத்து நிறுத்தும் ஆர்டினன்ஸ் பிறந்தது. கோமகாட்டா மாரு கப்பலில் வந்த பஞ்சாபியர் மீது அது பாய்ந்தது. 1924இல் வங்காளத்தில் விசாரணையின்றிச் சிறையிட மற்றோர் ஆர்டினன்ஸ் வந்தது. இவற்றையெல்லாம் கண்ட தமிழ்ப் பத்திரிகையாளர் 'அவசரச் சட்டம்' என்று மொழிபெயர்த்தனர். இந்தியச் சூழலுக்கு அது முற்றிலும் பொருந்திய பெயரே.

விடுதலைக்குப் பின்னும் அப்பொருள் மாறவில்லை. இந்திய அரசியலமைப்பின் 123ஆம் பிரிவு குடியரசுத் தலைவருக்கும், 213ஆம் பிரிவு மாநில ஆளுநர்க்கும் இவ்வதிகாரத்தை வழங்கின. சபை மீண்டும் கூடி 6 வாரங்கள் கழிந்தால் ஆர்டினன்ஸ் தானே மடியும். இந்த எல்லையைப் பீகார் அரசு மீறியது. 1967 முதல் 1981 வரை அங்கே பிறப்பித்த 256 ஆர்டினன்சுகளைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்து உயிரோடு வைத்திருந்தமையைப் புணேயைச் சேர்ந்த பொருளியல் அறிஞர் வாத்வா ஆராய்ந்து வெளிப்படுத்தினார். சில 14 ஆண்டுகள்வரை நீடித்தன. இச்செயல் அரசியலமைப்பையே ஏமாற்றுவது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1986 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

சொல்லின் பொருளைப் பொதுமக்களே எடைபோட்ட நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2017 சனவரியில் ஏறுதழுவலுக்காகச் சென்னை மெரினாக் கடற்கரையில் இளைஞர்கள் திரண்டனர். 21ஆம் நாள் தமிழ்நாட்டு ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பித்தார். ஆயினும் பலர் கலையவில்லை. 'நிலையான சட்டம் வேண்டும்' என்றே குரல் எழுப்பினர். 23ஆம் நாள் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. அவசரச் சட்டம் வேறு, நிலைச் சட்டம் வேறு என்பதை அங்கிருந்தோர் எந்த அகராதியையும் பாராமலே அறிந்திருந்தனர்.

நீரிணைக் குடியேற்றங்களில்

சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய மூன்றும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்கள் 1867 ஏப்பிரல் 1ஆம் நாள் வரை இந்திய ஆட்சியின் கீழ் இருந்தன. அன்றுவரை இந்திய ஆக்டுகளே அங்கும் செல்லுபடியாயின. அந்நாள் முதல் அவை இங்கிலாந்தின் குடியேற்ற நாட்டு அமைச்சகத்தின் கீழ் வந்தன. ஆளுநரும் சட்டசபையும் புதிதாக அமைந்தனர். அச்சபை இயற்றிய சட்டங்கள் அனைத்தும் ஆர்டினன்ஸ் என்றே பெயர் பெற்றன.

ஏன் ஆக்ட் எனவில்லை? லண்டன் நாடாளுமன்றம் இயற்றுவது ஆக்ட். அதற்குக் கீழ்ப்பட்ட இத்தகைய குடியேற்ற நாட்டுச் சபை இயற்றுவது ஆர்டினன்ஸ். முன்னே கண்ட தாழ்நிலைப் பொருள் இங்கே இவ்வுருவில் வெளிப்பட்டது. இந்தியாவில் சபைக்குத் தாழ்ந்தது ஆர்டினன்ஸ். நீரிணைக் குடியேற்றங்களில் பேரரசின் நாடாளுமன்றத்திற்குத் தாழ்ந்தது ஆர்டினன்ஸ். பின்னதில் அவசரமும் இல்லை, 6 மாத எல்லையும் இல்லை. ஹாங்காங்கில் இன்றும் நிலையான சட்டங்களுக்கு அப்பெயரே வழங்குகின்றது.

இவ்வேறுபாடு தமிழர் வரலாற்றை நேரே தொடுவது. 1907இல் நீரிணைக் குடியேற்றங்களில் 'தமிழர் குடிநுழைவு நிதி ஆர்டினன்ஸ்' நிறைவேறியது. தோட்ட முதலாளிகள் தம்மிடம் வேலை செய்வோர் கணக்கிற்கேற்ப நிதிக்குப் பணம் செலுத்த வேண்டும். அந்நிதியிலிருந்து தென்னிந்தியத் தொழிலாளரின் கப்பற் செலவு முதலியன கொடுக்கப்படும். கடன்சுமையோடு வந்து ஒப்பந்தத்தில் கட்டுண்ட பழைய முறை தளர்ந்ததற்கும், கங்காணி வழியாக ஆள் திரட்டும் முறை பெருகியதற்கும் இந்நிதி ஒரு காரணம். பின்னர் அதன் பெயரில் தமிழர் என்பது இந்தியர் என்றாயிற்று. 1938இல் இந்திய அரசு உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் குடிபெயர்வைத் தடுத்த பின்னும் நிதி மறையவில்லை. 1958இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி ஆர்டினன்ஸ் வாயிலாக அது புத்துருப் பெற்றது.

1907 முதல் 1958 வரை எண்ணினால் 51 ஆண்டுகள். ஆயிரமாயிரம் குடும்பங்களின் பயணத்திற்கு வழிவகுத்த அச்சட்டத்தை 'அவசரச் சட்டம்' என்று எழுதுவது எவ்வளவு பெரிய பிழை! அரை நூற்றாண்டு நின்ற ஏற்பாட்டை ஆறு மாத ஏற்பாடாகச் சுருக்குவதாகும் அது. தமிழர் இங்கு வந்தது தற்செயலாகவோ குழப்பத்திலோ அன்று; அரசும் முதலாளிகளும் சபையில் அமர்ந்து வகுத்த திட்டத்தின்படியே வந்தனர் என்னும் உண்மையும் அப்பிழையால் மறைந்துபோகும்.

ஜொகூரின் வழி

ஜொகூரின் சட்ட வரலாறு தனிச் சிறப்புடையது. இம்மாநிலம் நீரிணைக் குடியேற்றங்களில் சேர்ந்ததன்று. கூட்டு மலாய் நாடுகளிலும் சேர்ந்ததன்று. ஆதலின் சட்டச் சொற்களும் இங்கே தம்போக்கில் வளர்ந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜொகூரின் ஆறுகளை ஒட்டி மிளகும் கம்பீரும் பயிரிடச் சீனர் வந்தனர். ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கைத் திருத்திப் பயிரிடும் உரிமையைத் தெமெங்கோங் தம் முத்திரையிட்ட கடிதத்தால் ஒருவர்க்கு வழங்குவார். அக்கடிதத்திற்கு 'சூராட் சுங்கை' என்பது பெயர். ஆற்றுக் கடிதம் என்று பொருள். அதனைப் பெற்றவர் 'காங்சூ', அதாவது ஆற்றுத் தலைவர். அவரது குடியிருப்பு 'காங்கார்'. காங்கார் பூலாய், காங்கார் தெப்ராவ் என்னும் ஊர்ப்பெயர்கள் அக்காலத்தை இன்றும் நினைவூட்டுகின்றன. தம் எல்லைக்குள் வரி, கடை, சூது, அபினி முதலியவற்றின் மேற்பார்வை பெரும்பாலும் காங்சூவின் கையில் இருந்தது.

ஆற்றுக் கடிதம் எத்தகையது? ஆள்வோர் ஒருவர், குறித்த ஒருவருக்கு, குறித்த ஓர் இடத்தைப் பற்றி இட்ட ஆணை அது. அனைவர்க்கும் பொதுவான சட்டம் ஆகாது. அத்தகைய கடிதங்கள் பெருகியபோது பொது விதி வேண்டியதாயிற்று. அபூ பக்கார் ஆட்சியில் 1873இல் காங்சூக்களுக்கான 'கானூன்' வகுக்கப்பட்டது. 1895 ஏப்பிரல் 14ஆம் நாள் ஜொகூர் மாநிலத்தின் எழுதப்பட்ட அரசியலமைப்பு வெளிவந்தது. அமைச்சர் சபையும் மாநில ஆலோசனை மன்றமும் அதில் இடம்பெற்றன. அவ்வாண்டு சூன் மாதமே சுல்தான் அபூ பக்கார் லண்டனில் மறைந்தார்; அவர் வகுத்த அமைப்பு நிலைத்தது. 1917இல் காங்சூ முறையை ஒழித்தது ஒரு 'எனாக்ட்மென்ட்'. அதாவது மன்றத்தின் வழி மன்னர் இயற்றிய மாநிலச் சட்டம். தனியொருவருக்கு எழுதிய கடிதத்தால் பிறந்த உரிமை, மன்றத்தில் இயற்றிய சட்டத்தால் முடிவுற்றது. ஆணைக்கும் சட்டத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பிக்க இதனினும் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

ஆகவே, போருக்கு முந்திய ஜொகூரில் உள்நாட்டுச் சட்டத்திற்குப் பெயர் எனாக்ட்மென்ட். பாலத்திற்கு அப்பால் சிங்கப்பூரில் அதே தன்மையுடைய சட்டத்திற்குப் பெயர் ஆர்டினன்ஸ். கூட்டு மலாய் நாடுகளிலும் எனாக்ட்மென்ட் என்பதே வழக்கு. ஒரே இனத்தைச் சேர்ந்த, 7 முதல் 14 வயதுக்குட்பட்ட 10 பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்னும் கடப்பாட்டை விதித்த 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு கூட்டு மலாய் நாடுகளில் பிறந்ததே. தோட்டப் பள்ளி என்னும் அமைப்புக்கே வேராக இருந்தது ஆர்டினன்ஸ் என்னும் பெயர் தாங்காத சட்டம்.

கூட்டரசும் நெருக்கடிக் காலமும்

1946 ஏப்பிரலில் மலாயன் யூனியனும், 1948 பிப்பிரவரி 1ஆம் நாள் மலாயாக் கூட்டரசும் தோன்றின. கூட்டரசுச் சட்டசபை இயற்றியவை ஆர்டினன்ஸ் என்றும், மாநிலங்கள் இயற்றியவை எனாக்ட்மென்ட் என்றும் வகை பிரிந்தன. ஜொகூர் மக்கள் முதன்முறையாக இரண்டு பெயர்களுக்கும் கீழ்ப்பட்டனர்.

குழப்பத்தை மிகுவித்தது அவ்வாண்டின் நிகழ்ச்சியே. 1948 சூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. சூலையில் 'நெருக்கடி ஒழுங்குவிதிகள் ஆர்டினன்ஸ்' நிறைவேறியது. நெருக்கடி, ஆர்டினன்ஸ் என்னும் இரு சொற்களும் ஒரே தலைப்பில் அமைந்தமையால், ஆர்டினன்ஸ் என்றாலே நெருக்கடிச் சட்டம் என்று கருதுவோர் பெருகினர். உற்று நோக்கின் உண்மை விளங்கும். அந்த ஆர்டினன்ஸ் சட்டசபை இயற்றிய சட்டம். அதன்கீழ் உயர் ஆணையர் தாமே பிறப்பித்தவை 'ரெகுலேஷன்' எனப்பட்ட ஒழுங்குவிதிகள். ஊரடங்கும், விசாரணையின்றிக் காவலில் வைத்தலும், தோட்ட லயன்களைச் சுற்றி எழுந்த முள்வேலியும் அவ்விதிகளின் வழி வந்தவை. தனியொருவர் ஆணைக்குரிய பெயர் அந்நாளில் இங்கே ரெகுலேஷனே. சென்னையில் 1802இல் நிலையான சட்டத்தைக் குறித்த அதே சொல், மலாயாவில் 1948இல் அவசர ஆணையைக் குறித்தது. சொற்களை நம்பி மோசம் போவதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

அதே சபை அதே பெயரில் அமைதிக்காலச் சட்டங்களையும் இயற்றியது. 1952ஆம் ஆண்டின் கல்வி ஆர்டினன்ஸ் மலாய், ஆங்கில மொழிகளில் நடக்கும் தேசியப் பள்ளிகளை முதன்மைப்படுத்தியது. 15 பிள்ளைகளின் பெற்றோர் வேண்டினால் தமிழை ஒரு பாடமாகக் கற்பிக்கலாம் என்ற அளவில் நின்றது. 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையை அடுத்து வந்த 1957ஆம் ஆண்டின் கல்வி ஆர்டினன்ஸ், தமிழ்வழித் தொடக்கப் பள்ளிகளை நாட்டின் கல்வி அமைப்புக்குள் இடம்பெறச் செய்தது. ஒன்று தமிழைப் பள்ளியின் ஓரத்தில் நிறுத்தியது. மற்றொன்று தமிழ்ப் பள்ளியையே அமைப்பின் உள்ளே கொண்டுவந்தது. இடையே நிகழ்ந்த முறையீடுகளும் மாநாடுகளும் விவாதங்களுமே இம்மாற்றத்திற்குக் காரணம். இவற்றை அவசரச் சட்டம் என்று பெயரிட்டால், அந்த ஐந்தாண்டு உழைப்பு முழுவதும் ஒரு சொல்லில் அழிந்துவிடும்.

1957 ஆகஸ்டு 31இல் நாடு விடுதலை பெற்றது. 1959இல் முதல் நாடாளுமன்றம் கூடும்வரை பழைய சட்டசபையே தொடர்ந்தது. ஆகையால் 1958ஆம் ஆண்டுச் சட்டங்களும் ஆர்டினன்ஸ் எனப்பட்டன. நாடாளுமன்றம் அமைந்தபின் பிறந்த சட்டங்கள் ஆக்ட் ஆயின. 1960ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் அவ்வகையின.

பழைய ஆர்டினன்சுகள் என்னவாயின? பல, பெயர் மாறி இன்றும் வாழ்கின்றன. 1948ஆம் ஆண்டின் நிந்தனை ஆர்டினன்ஸ், 1969இல் சீர்திருத்தப் பதிப்பாக வந்தபோது 'நிந்தனை ஆக்ட் 1948' ஆயிற்று. 1955ஆம் ஆண்டின் வேலை ஆர்டினன்ஸ், 1981இல் 'வேலை ஆக்ட் 1955' ஆயிற்று. ஆண்டு மாறவில்லை, வகைப்பெயர் மட்டும் மாறியது. முன்னரே சபையில் இயற்றிய முழுச் சட்டமாக அவை இருந்தமையால்தான் இவ்வாறு பெயரை மட்டும் மாற்ற முடிந்தது. தோட்டத் தொழிலாளியின் கூலி, விடுமுறை, வேலை நீக்கம் பற்றிய உரிமைகளைத் தாங்கிய சட்டத்தை 'அவசரச் சட்டம்' என்று கேட்ட ஒருவன், 'அது என்றோ காலாவதியாகி இருக்கும்' என்று நினைத்துவிட்டால் இழப்பு அவனுக்கே.

1969க்குப் பின்

இச்சொல்லின் வரலாறு இத்துடன் முடியவில்லை. மலேசிய அரசியலமைப்பின் 150ஆம் பிரிவு, நெருக்கடி அறிவிக்கப்பட்ட காலத்தில் மாமன்னர் ஆர்டினன்ஸ் பிறப்பிக்க இடந்தருகின்றது. 1969 மே மாதக் கலவரத்தின்பின் நாடாளுமன்றம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆர்டினன்சுகளால் ஆட்சி நடந்தது. 1971 பிப்பிரவரி 20இல் நாடாளுமன்றம் மீண்டும் கூடியது. கூடிய பின்னும் மாமன்னருக்கு அவ்வதிகாரம் உண்டா என்னும் வினா ஒரு வழக்கில் எழுந்து, 1978இல் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. நாடாளுமன்றம் கூடிய அன்றே அவ்வதிகாரம் ஒழிந்தது என்று அம்மன்றம் தீர்ப்பளித்தது. அதனால் 1975ஆம் ஆண்டின் சில விதிகள் செல்லாமற்போக, 1979இல் நாடாளுமன்றம் ஆக்ட் இயற்றி அவற்றுக்கு உயிரளிக்க நேர்ந்தது. 2021இல் பெருந்தொற்றை முன்னிட்டு சனவரி முதல் ஆகஸ்டு 1 வரை நெருக்கடி நிலை நிலவியபோதும் ஆர்டினன்சுகள் பிறந்தன.

ஆக, ஒரே நாட்டில் ஒரே சொல் இருவேறு பொருளைத் தாங்கி நிற்கின்றது. 1959க்கு முந்திய கூட்டரசு ஆர்டினன்ஸ் சபை இயற்றிய நிலைச் சட்டம். 1969க்கும் 2021க்கும் உரிய ஆர்டினன்சுகளோ இந்தியப் பொருளை ஒத்த அவசரச் சட்டங்கள். இதற்கிடையே சரவாக் மாநிலச் சட்டமன்றம் தன் சட்டங்களை இன்றும் ஆர்டினன்ஸ் என்றே வழங்குகின்றது. அவை அவசரத்திற்குத் தொடர்பற்ற மாநிலச் சட்டங்கள்.

இலங்கைத் தமிழர் கண்ட சொல்

இலங்கையிலும் 1833இல் சட்டசபை ஏற்பட்டபின் சட்டங்கள் ஆர்டினன்ஸ் எனப்பட்டன. அங்குள்ள தமிழறிஞர் 'கட்டளைச் சட்டம்' என்னும் தொடரை வழங்கினர். யாழ்ப்பாணத்தாரின் மணவுரிமையும் மரபுரிமையும் பற்றிய 1911ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு கட்டளைச் சட்டமே. அது நூறாண்டு கடந்தும் வழக்கில் உள்ளது. அங்கே அவசரகால விதிகளைப் பிறப்பிக்க இடந்தரும் 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புச் சட்டத்தையும் கட்டளைச் சட்டம் என்றே வழங்குகின்றனர். அதன்கீழ் வருவனவற்றை மட்டும் அவசரகால விதிகள் என்கின்றனர். தாய்ச்சட்டம் வேறு, அதன்கீழ்ப் பிறக்கும் அவசர ஆணை வேறு என்னும் நுட்பம் அவ்வழக்கில் காக்கப்படுகின்றது.

பண்டைத் தமிழ் வழக்கு

இந்நுட்பம் தமிழுக்குப் புதிதன்று. முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. மன்னனின் ஆணைத் திருமுகம் வந்தது; அதன்படி ஊர்ச்சபையார் கூடி, குடவோலை முறையில் வாரியப் பெருமக்களைத் தேர்ந்தெடுக்க 'வியவஸ்தை' செய்தனர். மன்னன் விடுத்தது ஆணை. சபை வகுத்தது வியவஸ்தை. இரண்டிற்கும் தனித்தனிப் பெயர் இருந்தது.

சோழர் ஆவணங்களில் ஆணை பிறக்கும் முறையையும் காணலாம். மன்னன் வாய்மொழியாகக் கூறுவது திருவாய்க்கேள்வி. அதனை எழுதுவோர் திருமந்திர ஓலை எழுதுவோர். அதனைச் சரிபார்ப்போர் ஓலைநாயகம். பின் வரிக்கணக்கில் பதிவாகும். ஊருக்கு வந்தால் நாட்டார் எதிர்கொண்டு தொழுது, தலைமேல் வைத்து ஏற்று, பிடியானையை நடத்தி எல்லை காட்டுவர். கடார அரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை, 97 வேலிக்கு மேற்பட்ட நிலத்தை, வழங்கிய செப்பேடு இம்முறையை விரிவாகக் காட்டுகின்றது. லெய்டன் பெருஞ்செப்பேடு என்று அது புகழ்பெற்றது. கடாரத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே நிலவிய தொடர்புக்கு அச்சான்று எவ்வளவு இன்றியமையாததோ, ஆணை என்பது எத்தனை கைகளைக் கடந்து சட்டமாகும் என்பதற்கும் அவ்வளவு இன்றியமையாதது.

மலாய் மொழியில் மன்னர் வாக்கு 'தித்தா'. அதனை ஏற்றலை 'தலைமேற் சுமத்தல்' என்னும் பொருள்படவே மலாய்க்காரர் கூறுவர். தமிழரும் ஆணையைத் தலைமேற்கொள்வர் அன்றோ? இரு மொழிகளிலும் கருத்து ஒன்றே.

ஆசிரியர் கொள்ளத்தக்க முறை

இதுகாறும் கூறியவற்றால், ஆர்டினன்ஸ் என்னும் சொல்லுக்கு எல்லா இடத்துக்கும் ஏற்ற ஒரே தமிழ்ச் சொல் இல்லை என்பது தெளிவு. அச்சொல்லைக் காணுந்தோறும் இரண்டு வினாக்களை எழுப்புதல் வேண்டும். இயற்றியவர் யார்? அது நிற்கும் காலம் எவ்வளவு? தனியொருவர் சபையின்றிப் பிறப்பித்ததும் காலவரையறைக்கு உட்பட்டதும் ஆயின் அவசரச் சட்டம். இந்தியாவின் ஆர்டினன்சுகளும் மலேசியாவின் 1969, 2021ஆம் ஆண்டு ஆர்டினன்சுகளும் இவ்வகையின. சட்டசபை இயற்றி நிலைபெற்றது ஆயின் கட்டளைச் சட்டம் என்றோ, வெறுமனே சட்டம் என்றோ வழங்கலாம். நீரிணைக் குடியேற்றங்களின் சட்டங்களும், 1959க்கு முந்திய கூட்டரசுச் சட்டங்களும், சரவாக்கின் சட்டங்களும் இவ்வகையின. காலை விடியுமுன் பெரட்டுக் களத்தில் கங்காணி கூறியதே சட்டம் என்று வாழ்ந்த தலைமுறை ஒன்று உண்டு. ஆணை எது, சட்டம் எது என்று பிரித்துணரும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்ததில்லை. அவர்தம் பேரப் பிள்ளைகளுக்கு அவ்வேறுபாட்டை விளக்குவதற்குத் தமிழில் தக்க சொற்கள் உள்ளன. அவற்றை இடமறிந்து வழங்குதல் தமிழாசிரியர் கடன்.